அடகு ரசீது யார் பெயரில்?

முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஓர் ஆண் வெளிநாட்டு வேலைக்குப் போகிறான் என்றால் அந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் மூன்று காகிதங்கள் சேரும். விசா அவன் பெயரில். ஒப்பந்தம் அவன் பெயரிலும் கம்பெனி பெயரிலும். அடகுக்கடை ரசீது மட்டும் அவன் மனைவி பெயரில். நான்காவதாக ஒன்று இருக்க வேண்டும்: ஏஜென்ட் வாங்கிய பணத்துக்கு ரசீது. எங்கள் தெருவில் அதை நான் பார்த்ததே இல்லை.

ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது. வலையை நம்ப முடியாத வீட்டுப் பையன்கள் வெல்டிங்கும் ஃபிட்டிங்கும் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களைத் தேடித்தான் ஏஜென்ட் வருகிறான்.

அப்படிப் போனவர்களுக்கு என்ன நடக்கலாம் என்பதற்கு உலகறிந்த சாட்சி இருக்கிறது. 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு, அமெரிக்காவின் சிக்னல் இன்டர்நேஷனல் கம்பெனி தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட இடங்களிலிருந்து ஏறக்குறைய 500 வெல்டர்களையும் ஃபிட்டர்களையும் எடுத்தது. எச்-2பி விசா, அதாவது விவசாயம் அல்லாத தற்காலிக வேலைக்கானது. அதை வைத்துக்கொண்டு வேறு முதலாளியிடம் இஷ்டப்படி மாறிப் போக முடியாது. இவர்களிடமோ, கிரீன் கார்டு கிடைக்கும் என்று சொல்லித் தலைக்கு 10,000 டாலரும் அதற்கு மேலும் வாங்கினார்கள். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய நாலரை லட்சம் ரூபாய். போய் இறங்கினால், காவல் போட்ட முகாமில் ஓர் அறைக்கு 24 பேர் வரை. அதற்கும் மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம்.

ஏன் உடனே திரும்பி வரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கடன்தான் பூட்டு. அந்தப் பூட்டின் மறுமுனை எங்கே இருந்தது? வட்டிக்காரன் வந்து நின்ற வாசலில். அங்கே பதில் சொன்னவள் ஒரு பெண். அவன் கொத்தடிமை என்றால், மஞ்சள் கயிற்றோடு வட்டி கட்டியவள் யார்?

2008 மார்ச்சில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலையை உதறி வெளியே வந்தார்கள். வாஷிங்டன் வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015இல் ஐந்து தொழிலாளர்களுக்கு 1.4 கோடி டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கம்பெனி திவாலானது, மற்ற வழக்குகள் 2 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தன. அது நம் எல்லோருடைய வெற்றி. ஆனாலும் வாதிகள் விசா வைத்திருந்த ஆண்கள்தான். நகையைக் கழற்றிக் கொடுத்தவள் எந்தப் பட்டியலிலும் வாதி இல்லை.

நம் அரசு நம்மை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. பத்தாவது தேறாத, 30 வயது நிரம்பாத பெண் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகக் கூடாது என்கிறது விதி. பாதுகாப்பாம்! அவள் கால் படி தாண்டினால் ஆபத்து; அவள் கழுத்துத் தங்கம் கடல் தாண்டினால் யாருக்கும் கவலையில்லை. ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம் என்றும் விதி இருக்கிறது. ரசீதே இல்லாத பணத்தில் எதை அளப்பது?

‘குடும்பத்துக்காகத்தானே கொடுத்தாள்’ என்பார்கள். தியாகம் என்று பெயர் வைத்துவிட்டால் கணக்குக் கேட்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். அது தியாகமல்ல, முதலீடு. அந்த வேலைக்கு முதல் போட்டவள் அவள்.

ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது. அதுதான் நியாயம். அந்த நியாயம் வரும்வரை, கொடுத்தவள் பெயரில் ரசீது வேண்டும். மோசடி என்றால் திருப்பித் தரும் பணம் அவள் கைக்கு வர வேண்டும். புகார் கொடுக்க அவளுக்கே உரிமை வேண்டும்.

தோழிகளே, நாளை உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு ஏஜென்ட் வந்து உட்காரலாம். டீ கொடுங்கள். வளையலைக் கழற்றும் முன், ‘என் பேர்ல பில்லு குடுங்க’ என்று கேளுங்கள். எழுந்து போகிறவன் போகட்டும்.