கைராசி அல்ல, காலம்தான்!



எங்கள் தெருவில் ஏழாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். சென்ற வாரம் என் வீட்டுத் தோட்டத்துக்கு வந்தவள், வாடிய முகத்தோடு, "தாத்தா, எனக்குக் கைராசியே இல்லை. நான் எது வைத்தாலும் முளைப்பதில்லை, முளைத்தாலும் பட்டுப் போகிறது" என்றாள்.

"என்னம்மா விதைத்தாய்? எப்போது விதைத்தாய்?" என்று கேட்டேன்.

"கேரட் தாத்தா. மே மாத லீவில், மொட்டை மாடியில்."

அக்னி நட்சத்திர வெயிலில், மொட்டை மாடியில், கேரட்! அவள் கை என்ன செய்யும், பாவம்!

"கைராசி இல்லை" என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும், என் மனதில் பழைய முள் ஒன்று தைத்தது. அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக வேலை பார்த்த காலம். ஒரு பங்குனி மாதம், விதை முளைக்கும் பாடம் நடத்திவிட்டு, ஆளுக்கு நான்கு அவரை விதை கொடுத்தேன். "வீட்டில் போட்டு வளருங்கள்" என்றேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் விசாரித்தேன். தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டோம், ஆடு மேய்ந்துவிட்டது, வெயிலில் கருகிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒரே ஒரு மாணவியின் கொடி மட்டும் பிழைத்திருந்தது. தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்கிறாள். கொடி அவர்கள் வீட்டுக் கூரை முழுவதும் படர்ந்துவிட்டது.

ஆனால், ஆடி மாதம் வந்த பிறகும் அதில் ஒரு பூ கூட இல்லை. "ஏன் சார் பூக்கவில்லை?" என்று கேட்டாள். எனக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். "உனக்குக் கைராசி இல்லையம்மா" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அன்று மாலையே அவள் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு, பள்ளித் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றக் கூட அவள் வரவில்லை. 'என் கை பட்டால் ஆகாது சார்' என்று ஒதுங்கிக் கொண்டாள்.

அந்த ஆண்டு முடிந்து, அவள் வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான், பக்கத்து வயலில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் எனக்குப் பாடம் நடத்தினார். "பங்குனியில் போட்ட பந்தல் அவரை, கொடியாகத்தான் ஓடும் சார். பொழுது குறைந்தால்தான் பூவெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை வரை பொறுக்க வேண்டும்" என்றார்.

இன்னும் மூன்று மாதம் அந்தக் கொடி இருந்திருந்தால், கூரை முழுவதும் பூத்துக் காய்த்திருக்கும்! வகுப்பிலேயே சிறந்த தோட்டக்காரி அவள்தான். அவளைத்தான் ராசியில்லாதவள் என்று சொன்னேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் அடித்துச் சொல்கிறேன்: கைராசி என்று ஒன்று கிடையாது. காலம் உண்டு, கவனிப்பு உண்டு. அவ்வளவுதான்!

செடிக்கும் நாள் கணக்கு தெரியும்

பெரியவர் சொன்னது வெறும் நம்பிக்கை அல்ல, அறிவியல். பகல், இரவு நேரத்தின் அளவைப் பொறுத்துச் சில செடிகள் பூக்கின்றன என்பதை, அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகளான கார்னர், ஆலார்டு இருவரும் புகையிலை, சோயா செடிகளை வைத்து ஆராய்ந்து, 1920ல் வெளியிட்டார்கள்.

சென்னையில் ஜூன் மாதத்தின் நீண்ட பகலுக்கும், டிசம்பர் மாதத்தின் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம் உண்டு. நமக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை, அவரைக்குத் தெரிகிறது. பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் பந்தல் அவரை பூக்கும். ஆடியில் விதைத்தால், கொடி வளர்ந்து தயாராகும் நேரத்தில் பகலும் குறைந்துவிடும். பொங்கல் குழம்புக்கு அவரைக்காய் கிடைப்பது இப்படித்தான். குத்தாக வளரும் செடி அவரை ரகங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை மனப்பாடம் செய்திருப்பீர்கள். நம் மாநிலத்தில், ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. ஆடியில் விதைத்த செடி, அதற்குள் வேர் பிடித்து நிமிர்ந்துவிடும். எவ்வளவு பெரிய கணக்கை எவ்வளவு சின்ன வரியில் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

விரல் காட்டினால் அழுகுமா?

"பிஞ்சை விரல் நீட்டிக் காட்டாதே, அழுகிவிடும்" என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுரை, பூசணி, பீர்க்கு, பாகல் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீயோ, வண்டோ கொண்டு வந்து சேர்க்காவிட்டால், அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். பழ ஈ முட்டையிட்டாலும் அழுகும். பழி மட்டும் விரலுக்கு!

இதற்கு வழி எளிது. பூ விரிந்திருக்கும் நேரத்தில், ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சுரையும் பீர்க்கும் மாலையில் மலரும். பூசணியும் பாகலும் காலையில் மலரும். விரலால் பிஞ்சு அழுகாது. விரலால்தான் பிஞ்சு பிழைக்கும்!

எந்த மாதம், என்ன விதை?

முதன்முதலாகத் தோட்டம் போடுகிறவர்கள், இதை நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள்.

ஆடி, ஆவணி: வெண்டை, கத்தரி, மிளகாய், அவரை, சுரை, பீர்க்கு, புடலை, பாகல்.

ஐப்பசி, கார்த்திகை: முள்ளங்கி, பீட்ரூட், கொத்துமல்லி. நம் தோழி ஆசைப்பட்ட கேரட்டும் இப்போதுதான். ஆனால், அடைமழை நாளில் சின்ன விதைகளைத் தூவாதீர்கள். மழை அடித்துக் கொண்டு போய்விடும். இரண்டு நாள் மழை விட்டதும் தூவுங்கள்.

தை, மாசி: தக்காளி, வெண்டை, வெள்ளரி, கொத்தவரை, எல்லாக் கீரைகளும். தக்காளிக்குக் கடும் வெயில் ஆகாது, பூ உதிர்ந்துவிடும். அதனால், கத்திரி வெயில் வருமுன் காய் பிடிக்கும்படி, தை பிறக்கும்போதே நாற்று தயாராக இருக்கட்டும்.

சித்திரை, வைகாசி: தண்ணீரும் கொஞ்சம் நிழலும் இருந்தால் கீரை போடலாம். இல்லையென்றால், மண்ணைத் தயார் செய்யும் மாதமாக வைத்துக் கொள்ளுங்கள். காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் மட்க வைத்தால், ஆடிக்கு உரம் தயார்.

நீலகிரி, கொடைக்கானல், கன்னியாகுமரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு மழையும் குளிரும் வேறு, பட்டமும் வேறு. உங்கள் ஊர் விவசாயியிடம் கேளுங்கள். அவரைவிட நல்ல புத்தகம் கிடையாது.

எதில் ஆரம்பிப்பது என்று குழப்பமா? கீரையில் ஆரம்பியுங்கள். முளைக்கீரை, சிறுகீரை எல்லாம் மூன்று, நான்கு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். பழைய வாளி, அரிசிப் பை எதுவானாலும் சரி. அடியில் துளை வேண்டும். செம்மண், மணல், மட்கிய சாண உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போடுங்கள். பூவாளியால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். பெரிய விதைகளை, அதன் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் ஊன்றினால் போதும்.

பாசத்தில் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றிச் செடியை மூழ்கடிக்காதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால், அன்று தண்ணீருக்கு விடுமுறை! தொட்டியின் கீழே உள்ள தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

தோட்டம் போட்டுப் பழகியவர்களுக்கு...

உங்களுக்கு இரண்டு வேலைகள் தருகிறேன். முதல் வேலை, ஒரு தோட்ட நோட்டு. விதைத்த தேதி, முளைத்த தேதி, முதல் பூ, முதல் காய், பூச்சி வந்த நாள், மழை பெய்த நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டு ஆண்டு எழுதினால், உங்கள் வீட்டு மாடிக்கு எது எப்போது ஒத்துவரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது.

இரண்டாவது வேலை, விதை எடுப்பது. நன்றாகக் காய்த்த செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் முற்ற விடுங்கள். காய வைத்து, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அவரை, தக்காளி நாட்டு விதைகளில் இது எளிது. கடையில் வாங்கும் வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால், அடுத்த தலைமுறை தாயைப் போலவே இருக்காது. நாட்டு விதை ஒரு கைப்பிடி உங்களிடம் இருந்தால், நான்கு நண்பர்களுக்குக் கொடுக்கலாம். பரிசாகக் கொடுக்க இதைவிட நல்ல பொருள் உண்டா?

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தைப் பெற்றோரும் ஆசிரியர்களும் படிப்பீர்கள் என்று தெரியும். ஒரு குழந்தை வைத்த செடி பட்டுப் போனால், "உன் கை அப்படி" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தை, செடியோடு சேர்த்து ஆசையையும் பிடுங்கிவிடும். "எப்போது விதைத்தாய்? வெயில் எவ்வளவு பட்டது? தண்ணீர் தேங்கியதா?" என்று கேளுங்கள். விடை தெரியவில்லையா? "எனக்கும் தெரியவில்லை, வா, தெரிந்தவரிடம் கேட்போம்" என்று சொல்லுங்கள். நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

செல்லங்களே! பக்கத்து வீட்டு அத்தை வைத்தால் மட்டும் எல்லாம் காய்க்கிறதே என்று நினைப்பீர்கள். அந்த அத்தையை ஒரு மாதம் கவனியுங்கள். பட்டம் தவறாமல் விதைப்பார். காலையில் எழுந்ததும் செடியைத்தான் பார்ப்பார். இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். ஊர் அதைக் கைராசி என்கிறது. அந்தப் பழக்கம் யாருக்கு வேண்டுமானாலும் வரும்.

என் கேரட் தோழிக்கு, ஒரு காகிதப் பொட்டலத்தில் முளைக்கீரை விதை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஐப்பசி கடைசியில் கேரட்டும் போட்டுப் பார்க்கப் போகிறாள். நீங்கள் எந்த விதையோடு ஆரம்பிக்கப் போகிறீர்கள்? முதலில் காலண்டரில் தமிழ் மாதம் என்ன என்று பாருங்கள்!