எழுதி முடிக்கும்வரை எண் நிற்கட்டும்



அடி அண்ணாமலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கிரிவலப் பாதையில் ஆதி அண்ணாமலையார் கோயில் பக்கம் பூக்கடை வைத்திருப்பவர். பௌர்ணமியன்று விடிய விடிய வியாபாரம். மற்ற நாட்களில் மதியம் வீட்டில் டி.வி. பார்க்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அப்படி ஒரு மதியம் இடுப்புக்குக் கட்டும் பெல்ட் விளம்பரம் ஓடியிருக்கிறது. “இப்பவே போன் பண்ணுங்க” என்று குரல் அவசரப்படுத்த, காலண்டர் தாளைக் கிழித்து எண்ணைக் குறிக்க உட்கார்ந்தார். ஆறு இலக்கம் எழுதுவதற்குள் எண் திரையிலிருந்து போய்விட்டது. மறுபடி வந்தபோது “டபுள் நைன், ட்ரிபிள் ஃபோர்” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்கள். கடைசியில் மகன்தான் செல்போனில் படம் பிடித்து ஆர்டர் போட்டிருக்கிறான். திரையில் காட்டியது 999 ரூபாய். பார்சல் கொண்டுவந்தவர் கேட்டது அதற்கு மேல். டெலிவரி சார்ஜ் தனி என்று கீழே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஓடியிருக்கிறது.

“வாங்க வேண்டாம் என்று நினைத்திருந்தால் பரவாயில்லை. வாங்கத்தானே உட்கார்ந்தேன்?” என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

வீட்டிலிருந்தபடியே பொருள் வாங்குவது நமக்குப் புதிதல்ல. பார்சலைப் பெறும்போது பணம் கட்டும் வி.பி.பி. முறை இந்தியத் தபாலில் 1877-லேயே வந்துவிட்டது. ‘ஆனந்த விகடன்’ எஸ்.எஸ்.வாசனும் பத்திரிகை நடத்த வருவதற்கு முன் தபால் வழி விற்பனை செய்தவர்தான். அந்தக்கால விளம்பரங்களில் விலை, தபால் செலவு, எழுத வேண்டிய முகவரி எல்லாம் ஒரே கட்டத்துக்குள் இருக்கும். வாசகர் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, ஆற அமர யோசித்து, சம்பளம் வந்த பிறகுகூட எழுதிப் போடலாம். டி.வி.யில் அந்த வசதி கிடையாது. காட்டுகிறவர் எவ்வளவு நேரம் காட்டுகிறாரோ அவ்வளவுதான்.

ஆகவே விளம்பரம் எடுப்பவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். பொருளின் பெருமையைப் பேசும்போதே எண்ணும் திரையின் அடியில் நிலையாக இருக்கட்டும். படம் வெள்ளையாக இருக்கும் இடத்தில் வெள்ளை எழுத்து வேண்டாம். எண்ணைச் சொல்லும்போது ஒவ்வோர் இலக்கமாக, தமிழில், எழுதுகிற கைக்கு நேரம் விட்டு, இரண்டு தடவையாவது சொல்லுங்கள். இந்தியில் எடுத்ததைத் தமிழில் டப்பிங் செய்பவர்கள் குரலை மாற்றிவிட்டு, திரை எழுத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அதையும் மாற்றுங்கள். விலை என்றால் வாசலில் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகை. பெட்டிக்குள் என்னென்ன வரும், பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதும் அங்கேயே தெரிய வேண்டும்.

இது வெறும் ஆசையல்ல, இதில் பாதி விதியாகவே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, விளம்பரம் எந்த மொழியில் வாக்குத் தருகிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில்தான் நிபந்தனையையும் போட வேண்டும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலோ, டி.வி.யில் நிபந்தனையின் ஒவ்வொரு வரியும் 4 வினாடிக்கு மேல் நிற்க வேண்டும் என்கிறது. படிக்க அது போதலாம். பத்து இலக்கத்தை எழுத எப்படிப் போதும்? எண்ணுக்கும் ஒரு கால அளவு வந்தாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த வாசகிபோல் ஏமாற்றம் அடைந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். பார்சல் அட்டையையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கேட்பார்கள்.

இந்த இதழிலிருந்து நமது சந்தாப் படிவத்தில் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். தபால் செலவு உட்பட மொத்தத் தொகையும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா என்று பார்த்து, இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்