செத்துப் போகாத உறைமோர்

தயிர் அளவுக்கு மீறிப் புளித்துவிட்டால் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? மோர்க்குழம்பு வைப்பீர்கள், அல்லது கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவீர்கள். மேல்விஷாரத்தில் ஒரு சிநேகிதி வீட்டில் நான் கண்டது வேறு. மறுநாள் விருந்து. பிரியாணிக்குப் பச்சடி வேண்டும். பாலில் உறை ஊற்ற வேண்டும். இருந்ததோ, இரண்டு நாளாக வெயில் காலத்துச் சமையலறையில் கிடந்த புளித்த தயிர்தான்.

"இது செத்திருக்கும் மாமி. கடையிலே வாங்கிக்கலாம்" என்றாள் சிநேகிதி.

"சாகாதும்மா. மெல்ல மெல்லப் புளிச்சது, தாங்கும். அரைக் கரண்டி விடு" என்றார் மாமியார்.

காலையில் தயிர் உறைந்திருந்தது! 'மெல்ல மெல்ல' என்ற சொல்தான் என் மனத்தில் தங்கிவிட்டது.

தயிர் நுண்ணுயிர் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிறது. (தோல் பதனிடுகிறவர்களுக்கும் இந்த அமிலம் பழக்கமானதே. சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சுண்ணாம்பைப் போக்க, தவிட்டைப் புளிக்க வைத்த நீரில் அதை ஊறப் போடுவது அத்தொழிலின் பழைய முறை.) ஆனால், தான் வெளியேற்றிய புளிப்பிலேயே நுண்ணுயிர் குடியிருக்க வேண்டியிருக்கிறதே! வீட்டுத் தயிரில் பல இனங்கள் கலந்திருக்கும். அவற்றின் பங்காளியான லாக்டோபாசில்லஸ் பல்காரிக்கஸை எடுத்துக்கொண்டு, பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2000-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள்.

நுண்ணுயிரைத் திடீரென்று கடும் புளிப்பில் தள்ளினால் பெரும்பாலானவை மடிகின்றன. முதலில் அரை மணி நேரம் மிதமான புளிப்பில் வைத்து, பிறகு கடும் புளிப்பில் விட்டால், சுமார் 250 மடங்கு அதிகமாகத் தாக்குப் பிடிக்கின்றன!

அந்த அரை மணியில் உள்ளே என்ன நடந்தது? அதைச் சொன்னவை புரதங்களே. நுண்ணுயிரின் புரதங்களைப் பிரித்தெடுத்து, கூழ் போன்ற ஒரு தகட்டில் மின்சாரத்தைக் கொண்டு பரப்புகிறார்கள். மின்னேற்றத்துக்கும் எடைக்கும் ஏற்ப ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளியாக நிற்கும், கோலத்துப் புள்ளி மாதிரி. புளிப்புக்கு முன் ஒரு கோலம், பின் ஒரு கோலம். ஒப்பிட்டால், சில புள்ளிகள் பின்னதில் தடித்துத் தெரிகின்றன. அவற்றில் சில, மற்றப் புரதங்களுக்குத் தாதி வேலை செய்பவை. புளிப்பினால் குலைந்துபோகும் புரதங்களைத் தாங்கிப் பிடித்து, மீண்டும் உரிய வடிவில் மடிப்பது அவற்றின் வேலை. ஆபத்து முற்றுவதற்குள் தாதிகளைச் சேர்த்துக்கொண்ட நுண்ணுயிர் பிழைக்கிறது. அவகாசம் கிடைக்காதது போகிறது.

சட்டியில் கிடந்த தயிருக்கு அரை மணியல்ல, இரண்டு நாள் அவகாசம் இருந்தது. அதற்காக வாரக் கணக்கில் போட்டு வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள், சகோதரிகளே! தாதிகளின் சக்திக்கும் எல்லை உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று உறைந்த தயிரும் சற்றுப் புளிப்புத்தான். மாமியார் வெங்காயத்தைக் கொஞ்சம் கூடுதலாக நறுக்கிப் போட்டார். நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.