புள்ளி ஒன்று சென்ட் யாருக்கு வேண்டும்?

பணி ஓய்வுக்குப் பிறகு வாத்தியம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அதில் பேஸ் கிட்டார் பக்கம் போனவர்கள், நானும் அதோடு சில வருடங்களாக மல்லுக்கட்டுகிறேன் என்பதால், என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "சார், எந்த டியூனர் ரொம்ப துல்லியம்?"

இது இரண்டாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி என்பது என் அபிப்பிராயம். முதல் கேள்வி, "அந்தத் தடித்த ஈ கம்பி அதன் காதில் விழுகிறதா?" என்பதுதான்.

பேஸ் கிட்டாரில் நான்கு கம்பிகள். மேலே இருக்கும் தடித்த ஈ கம்பி நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. அடுத்த ஏ 55, டி 73.4, ஜி 98. சாதாரண கிட்டாரின் தடித்த கம்பிகூட 82.4. அதாவது நம்முடைய ஈ, அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. இவ்வளவு கீழான நாதத்தைப் பிடிப்பது இயந்திரத்துக்கும் சிரமம். ஒரு முழு அதிர்வு முடியவே ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு போய்விடும். அப்படிப் பல அதிர்வுகளைப் பார்த்த பிறகுதான் அது கணக்குச் சொல்ல முடியும். போதாததற்கு, அந்தக் கம்பியில் அடிப்படை நாதத்தைவிட மேல் ஸ்தாயி நாதம் ஓங்கி ஒலிப்பதும் உண்டு. சுமாரான டியூனர் இரண்டுக்கும் நடுவில் குழம்பி முள்ளை ஆட்டிக்கொண்டே இருக்கும். கைப்பேசிச் செயலிகள் இலவசம்தான், வீட்டுப் பயிற்சிக்குப் பாதகமில்லை. ஆனால் அந்தச் சின்ன மைக்குக்கு 41 அதிர்வு சரியாகக் கேட்பதில்லை. மின்விசிறிச் சத்தமும் பக்கத்து அறை தொலைக்காட்சியும்தான் நன்றாகக் கேட்கும்.

இப்போது துல்லியத்துக்கு வருவோம். பெட்டியில் "பிளஸ் மைனஸ் 1 சென்ட்" என்று போட்டிருக்கும். கீபோர்டில் வெள்ளை, கறுப்பு எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளியை நூறு பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு சென்ட். விலை கூடிய ஸ்ட்ரோப் வகை டியூனர்கள் 0.1 சென்ட் என்று சொல்லும். பொய்யில்லை, அந்த அளவுக்கு அளக்கத்தான் செய்கின்றன. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஈ கம்பியில் ஒரு சென்ட் என்பது நொடிக்கு 0.024 அதிர்வு. இரண்டு பேர் ஒரே ஈ நாதத்தை ஒரு சென்ட் வித்தியாசத்தில் வாசித்தால், அடிப்படை நாதத்தில் ஒரே ஒரு அலை எழுந்து அடங்க 42 நொடி ஆகும். 0.1 சென்ட் என்றால் ஏழு நிமிடம்! பாட்டே முடிந்து அடுத்த பாட்டுக்குக் கைதட்டலும் வாங்கியிருப்பார்கள். நம் விரல் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே, வீணையில் மெட்டு என்கிறோமே அந்த ஃப்ரெட்டின்மேல், அதைவிடப் பல மடங்கு சுருதி ஏறிவிடும். வாத்தியத்தைப் பழுது பார்த்து, பாலத்தை நகர்த்தி ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் சுருதி சரி செய்கிறவருக்கு ஸ்ட்ரோப் உண்மையிலேயே தேவை. ஓய்வூதியத்தில் வாங்கி மாலையில் ஒரு மணி நேரம் வாசிக்கிற நமக்கு ஒரு சென்ட் தாராளம். மேடைக் கலைஞர்கள் காலால் மிதிக்கும் பாஸ் டியூ-3 மாதிரிப் பெட்டியே ஒரு சென்ட் கணக்குதான். அதை நம்பி உலகம் முழுக்கக் கச்சேரி நடக்கிறது.

அப்படியானால் எதைக் கவனிக்க வேண்டும்? ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எங்கள் பகுதி மெல்லிசைக் குழுவில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் பாடுவார். பழைய பாட்டுகளில் நல்ல ஞானம். திடீரென்று சில ஒத்திகைகளில் அவர் பாட்டு ஒட்டவில்லை. "வயசாயிடுச்சு, சுருதி நிற்கலை" என்று பின்னால் பேச்சு கிளம்பி, அவர் காதுக்கும் எட்டியது. இரண்டு மாதம் அவர் வரவில்லை. பிறகு ஒருநாள் தபலா வாசிப்பவர்தான் தற்செயலாகப் பார்த்தார். பேஸ் வாசிப்பவரின் கிளிப் டியூனரில், மூலையில் பொடி எழுத்தில், 440 இருக்க வேண்டிய இடத்தில் 445 என்று இருந்தது. பைக்குள் கிடந்தபோது பொத்தான் அழுந்தியிருக்கிறது. கீபோர்டு 440-இல், பேஸ் 445-இல்; ஏறத்தாழ 20 சென்ட் வித்தியாசம். பச்சை விளக்கு என்னவோ ஒவ்வொரு கம்பிக்கும் அழகாக எரிந்துகொண்டுதான் இருந்தது. கீபோர்டைக் கேட்பதா, பேஸைக் கேட்பதா என்று தெரியாமல் அந்த அம்மாள் நடுவில் தவித்திருக்கிறார். பழி மட்டும் அவர் வயதுக்கு!

பேஸில் இதுதான் ஆபத்து. வயலின் பிசகினால் யார் என்று உடனே தெரியும். பேஸ் பிசகினால் மற்ற எல்லோரும் பிசகுவதாகத் தோன்றும். ஆகவே புள்ளிக்குப் பின்னால் எத்தனை எண் என்று பார்ப்பதைவிட, கண்ணாடி போடாமலே 440 படிக்கத் தெரிகிறதா, அது தானாக மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றவை இவை. பேஸுக்கென்று தனி நிலை இருந்தால் நல்லது. ஐந்து கம்பி பேஸ் என்றால் கீழ் பி கம்பி 30.9 அதிர்வு; அதையும் பிடிக்கிறதா என்று கடையிலேயே வாசித்துப் பார்க்க வேண்டும். முள் இரண்டு நொடிக்குள் ஒரு இடத்தில் நிற்கிறதா என்பதுதான் உண்மையான பரீட்சை. கூட்டமும் சத்தமும் உள்ள இடத்தில் வாசிப்பவர்கள் வயர் செருகும் வகையை வாங்கினால் வேறு சத்தம் உள்ளே புகாது. வீட்டோடு வாசிப்பவர்களுக்குத் தலைப்பகுதியில் மாட்டும் கிளிப் போதும்.

வாங்கிய பிறகு கையிலும் கொஞ்சம் இருக்கிறது. மற்ற கம்பிகளை உள்ளங்கையால் அமர்த்திவிட்டு, கட்டைவிரலின் சதையால் மெதுவாக மீட்டுங்கள். அடித்த வேகத்தில் நாதம் சற்று ஏறி, பிறகு இறங்கி நிலைக்கும். நிலைத்ததைத்தான் படிக்க வேண்டும். அப்போதும் முள் ஆடினால் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டுங்கள். ஒரு ஸ்தாயி மேலே தெளிவாக ஒலிக்கும், இயந்திரம் உடனே பிடித்துக்கொள்ளும். சாவியை எப்போதும் கீழிருந்து மேலே முறுக்கிக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பாதிப் பாட்டில் தளர்ந்துவிடும். ஏசி அறையிலிருந்து மேடை விளக்கின் சூட்டுக்குப் போனால் கம்பி விரிந்து சுருதி இறங்கும். ஆகவே மேடையில் ஒருமுறை மறுபடியும் பார்க்க வேண்டும்.

"காதால் சேர்க்கத் தெரியாதவன் என்ன வாத்தியக்காரன்?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தம்புராவோ சுருதிப் பெட்டியோ பக்கத்தில் ஓயாமல் ஒலிக்கும் கச்சேரி வேறு, டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே 41 அதிர்வைத் தேடுவது வேறு. இளம் காதுக்கே அவ்வளவு கீழே நுட்பம் குறைவு. இயந்திரத்தைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காதும் மழுங்கக் கூடாது என்றால் வழி இருக்கிறது. டியூனரில் ஏ கம்பியை மட்டும் சேருங்கள். ஈ கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டை அந்த ஏ-யோடு காதால் சேருங்கள். மற்றவற்றையும் அதே முறையில். கடைசியில் டியூனரில் சரிபாருங்கள். ஆறு மாதத்தில் முள் எங்கே நிற்கும் என்று பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவீர்கள்.

அந்த அம்மாள் இப்போது மறுபடியும் வருகிறார், நன்றாகவே பாடுகிறார். ஒத்திகை தொடங்குமுன் பேஸ்காரரிடம் போய், "தம்பி, நானூத்தி நாற்பதுதானே?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிகிற டியூனர் எதுவானாலும் வாங்குங்கள். மிச்சப்படும் பணத்தில் புதுக் கம்பி ஒரு செட் போடுங்கள். பழைய கம்பிக்கு எந்த டியூனராலும் சுருதி கூட்ட முடியாது.