வார்டுப் பணிகள் குறித்து மாமன்ற உறுப்பினர்களுக்கு உரிய காலத்தில் தகவல் அளிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் நிர்வாகிகள்,
குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி மைய அலுவலகம்.

நகல்:
வணக்கத்திற்குரிய மேயர் அவர்கள்,
நகராட்சி நிர்வாக இயக்குநர் அவர்கள், சென்னை.

பொருள்: வார்டுகளில் நடைபெறும் பணிகள், ஒப்பந்தங்கள், வரி மாற்றங்கள் ஆகியவை பற்றி மாமன்ற உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

கவுன்சிலர்களுக்காக வாக்காளர்கள் மனு எழுதுவது வழக்கத்தில் இல்லாத ஒன்று. எங்கள் கூட்டமைப்பிலிருந்து தங்கள் அலுவலகத்துக்கு இதுவரை வந்த மனுக்களில் பெரும்பாலானவை அவர்கள் மீதான குறைகள்தாம். இந்த மனு வேறு. "எனக்குத் தகவல் இல்லை" என்று ஒரு வார்டு உறுப்பினர் சொன்னால் அது நழுவல் பேச்சு என்றே ஊரார் நினைப்பார்கள். பல நேரங்களில் அது உண்மையாக இருக்கிறது. அந்த உண்மைதான் இப்போது எங்கள் குறை.

சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன்பு நடந்ததை மட்டும் விவரமாகச் சொல்கிறோம். எங்கள் உறுப்புச் சங்கம் ஒன்றின் தெருவில் பேவர் பிளாக் பதித்து, இரு ஓரமும் சிமெண்ட் பூசி முடித்தார்கள். இடுக்கில் தூவிய எம்.சாண்ட் இறுகுவதற்குள் ஒரு காலையில் ஜே.சி.பி. வந்து தெருவின் நடுவே தோண்ட ஆரம்பித்தது. பாதாளச் சாக்கடைக்கு வீட்டு இணைப்பு கொடுக்கிறார்களாம். தெருக்காரர்கள் வார்டு உறுப்பினருக்குப் போன் போட்டார்கள். ஸ்கூட்டரில் வந்து இறங்கிய அந்த அம்மையார், விவரத்தை ஜே.சி.பி. ஓட்டுநரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. ஓட்டுநர் மேஸ்திரியைக் கைகாட்டினார். மேஸ்திரி சைட் இன்ஜினியரின் எண்ணைக் கொடுத்தார். அவரோ வேறொரு துறையின் ஒப்பந்ததாரரிடம் வேலை செய்பவர். வார்டு உதவிப் பொறியாளரைக் கேட்டதற்கு, "மேடம், இது நம்ம வேலை இல்லை" என்று பதில் வந்தது. பெயர்த்த கற்களைச் சுவரோரம் அடுக்கி வைத்தார்கள். அவற்றில் பாதி திரும்பத் தெருவுக்கு வரவில்லை.

பிறகு எங்கள் சங்கச் செயலாளர் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டார். அந்தத் தெருவைத் தோண்டுவதற்கான சாலை வெட்டு அனுமதி மாநகராட்சியின் மண்டல அலுவலகத்திலேயே வழங்கப்பட்டிருந்தது. பேவர் பிளாக்குக்கு எஸ்டிமேட் போட்ட பிரிவும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டி ஒரு சாதாரணக் குடிமகன் வாங்கிவிட்ட தாள், அந்த வார்டில் வாக்கு வாங்கி வென்றவருக்கு எந்த நிலையிலும் அனுப்பப்படவில்லை. அவர் எந்தக் கட்சி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆளுங்கட்சி உறுப்பினர்களும் எங்களிடம் இதையேதான் சொல்கிறார்கள், குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு.

அலுவலர்கள் எவரும் வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இது பழக்கத்தின் கோளாறு. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. 2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் தனி அலுவலர்களே மன்றமாக இருந்தார்கள். தீர்மானம் வைப்பவரும் அதை நிறைவேற்றுபவரும் ஒருவரே. கோப்பு ஒரே மேசையில் புறப்பட்டு அதே மேசைக்குத் திரும்பும். தமிழ்நாட்டின் 11 நகரங்களில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் பெரும்பகுதி வேலைகள் முடிவானதும் நடந்ததும் இதே காலத்தில்தான். அவற்றை நடத்தியவை கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான தனி நிறுவனங்கள். எங்கள் நகரமும் அந்தப் பட்டியலில் உண்டு. எந்தப் பூங்காவை எந்த நிறுவனம் எத்தனை ஆண்டு பராமரிக்க வேண்டும், எந்தத் தெருவிளக்குக்கு யார் பொறுப்பு என்ற விவரங்கள் 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற புதிய உறுப்பினர்களிடம் முறையாக ஒப்படைக்கப்படவே இல்லை. கல்யாணம் முடிந்து ஐந்து வருஷம் கழித்து வந்த மாமனார் போல, அவர்களை மரியாதையாக உட்கார வைத்தீர்கள்; சாவிக்கொத்தைக் கொடுக்கவில்லை.

அவர்கள் உட்கார்ந்த சில வாரங்களிலேயே முதல் சோதனையும் வந்தது. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரிச் சீராய்வு அறிவிக்கப்பட்டது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்குக் கட்டடப் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை உயர்வு. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு ஒரு விகிதம், 1800 சதுர அடிக்கு மேல் போனால் வேறு விகிதம். இந்த அட்டவணையை எங்கள் பகுதிப் பெரியவர்கள் நாளிதழில் படித்துவிட்டுக் கவுன்சிலர் வீட்டு வாசலுக்குப் போனபோது, அவரும் அதே நாளிதழைத்தான் கையில் வைத்திருந்தார். வரி உயர்வு சரியா தவறா என்ற வாதத்தை இங்கே எழுப்பவில்லை. அதற்கான தீர்மானத்தில் கை தூக்க வேண்டியவர்களுக்குக் கணக்கை விளக்க ஒரு மாலை நேரம்கூட ஒதுக்கப்படவில்லை என்பதே எங்கள் வருத்தம்.

மாமன்றக் கூட்டத்துக்கு வருவோம். அஜெண்டா பெரும்பாலும் கூட்டத்துக்கு முதல் நாள் மாலை கட்டாக வந்து சேர்கிறது. கூட்டம் தொடங்கிய பிறகு மேசைப் பொருள் என்று இன்னொரு கட்டு. "பணியின் அவசர அவசியம் கருதி முன் அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட செலவினத்துக்கு மன்றத்தின் பின்னேற்பு" என்ற வாசகம் பொருளுக்குப் பொருள் வருகிறது. எது அவசரம், எப்போது முடிந்த வேலை, எந்தத் தெரு என்பதெல்லாம் அந்தப் பத்தியில் இருக்காது. மேசையைத் தட்டி "ஆல் பாஸ்" சொன்னதும் தேநீர் வந்துவிடுகிறது. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து இதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். படிக்காமல் ஒப்புக்கொள்கிறவர் மீது குற்றம் உண்டுதான். படிக்க நேரம் கொடுக்காத ஏற்பாட்டின் மீதும் உண்டு.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: அஜெண்டா, அதற்கான எஸ்டிமேட் சுருக்கத்துடன், கூட்டத்துக்கு ஏழு முழு நாட்களுக்கு முன்பு ஒவ்வொரு உறுப்பினர் கைக்கும் போய்ச் சேர வேண்டும். அதே நாளில் மாநகராட்சி இணையதளத்திலும் மண்டல அலுவலக அறிவிப்புப் பலகையிலும் இடம்பெற வேண்டும். மேசைப் பொருள் என்பது வெள்ளம், தொற்றுநோய், கட்டடம் இடிந்த விபத்து போன்றவற்றுக்கு மட்டும். பின்னேற்புக்கு வரும் ஒவ்வொரு பொருளிலும் வேலை தொடங்கிய தேதி, முடிந்த தேதி, வார்டு எண், தெருப் பெயர் நான்கும் இருக்க வேண்டும். கேரளத்தில் உள்ளாட்சி மன்றங்களின் கூட்டப் பொருளையும் தீர்மானங்களையும் பதிவு செய்வதற்கென்றே 'சகர்மா' என்ற மென்பொருள் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. பக்கத்து மாநிலத்தில் முடிந்தது இங்கே முடியாது என்று தாங்கள் சொல்லமாட்டீர்கள் என நம்புகிறோம்.

இரண்டாவது கோரிக்கை எங்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. வார்டுக்குள் மண்ணில் கடப்பாறை படுமுன் வார்டு உறுப்பினருக்கு ஒரு பக்கக் குறிப்பு வர வேண்டும். என்ன வேலை, எந்தத் தெரு, எந்தத் துறை, ஒப்பந்ததாரர் பெயர், ஒப்பந்தத் தொகை, எத்தனை நாள், பொறுப்புப் பொறியாளர் எண், வேலை முடிந்த பின் பராமரிப்புக் காலம் எவ்வளவு என்பவை அதில் போதும். குடிநீர், மின்சாரம், நெடுஞ்சாலை, தொலைபேசி கேபிள் என எந்தத் துறை தோண்டினாலும் சாலை வெட்டு அனுமதி மாநகராட்சி வழியாகத்தானே போகிறது? அந்த அனுமதி ஆணையில் 'நகல்: வார்டு மாமன்ற உறுப்பினர்' என்று ஒரு வரி சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது, ஒப்பந்தப்புள்ளிகள் இணையதளத்தில் கிடைக்கின்றன என்று அலுவலகத்தில் பதில் சொல்கிறார்கள். கிடைப்பது உண்மை. நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும் ஆவணத்தில் தன் வார்டுக்கு எத்தனை தூய்மைப் பணியாளர், எத்தனை பேட்டரி வண்டி என்று ஒரு கவுன்சிலர் எங்கே போய்த் தேடுவார்? தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குப்பை ஒப்பந்தத்தின் வார்டு வாரிச் சுருக்கமாவது தமிழில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் உள்ள ஆள் எண்ணிக்கை தெரிந்தால்தான் காலையில் வருகைப் பதிவு நேரத்தில் நின்று எண்ணிப் பார்க்க முடியும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவோம். வெளிப்படையாக எழுத மாட்டார்கள், பேச்சில் சொல்வார்கள்: முன்கூட்டியே விவரம் சொன்னால் சில உறுப்பினர்கள் நேராக ஒப்பந்ததாரரிடம் போய் நிற்பார்கள் என்று. இந்தக் கவலை பொய் என்று நாங்கள் வாதாட மாட்டோம். தெருவில் இருக்கிற எங்களுக்கும் கண் இருக்கிறது. ஆனால் தகவலை மறைத்ததால் அந்தப் பேரம் நின்றுவிடவில்லை. யாருக்கு அலுவலகத்தில் ஆள் இருக்கிறதோ அவருக்கு மட்டும் விவரம் கசிகிறது, நேர்மையாக இருப்பவருக்குத்தான் கதவு மூடியிருக்கிறது. உறுப்பினருக்குக் குறிப்பு போகும் அதே நேரத்தில் தெருவில் பலகையும் வைத்துவிடுங்கள். தொகையும் ஒப்பந்ததாரர் பெயரும் ஊருக்கே தெரிந்த பிறகு பேரம் பேசுவது அவ்வளவு சுலபமல்ல.

இன்னொன்றையும் சங்கடத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு என்பது தமிழ்நாட்டில் சட்டம். ஆனால் மண்டல வாட்ஸ்அப் குழுக்களில் பல பெண் உறுப்பினர்களின் இடத்தில் இருப்பது கணவரின் எண். ஆய்வுக்கு வரும் அலுவலரும் அவரையே அழைக்கிறார், "சார், நாளைக்கு உங்க வார்டு" என்று. அந்த அம்மையார்களில் சிலர் அதை ஏற்றுக்கொண்டிருக்கலாம். மன்றத்தின் அலுவல் தகவலை மன்றத்தில் இல்லாதவருக்கு அனுப்ப அது காரணமாகாது. தகவல் அனைத்தும் உறுப்பினரின் சொந்தப் பெயரில், சொந்த எண்ணுக்கு, அலுவலக முகவரியிலிருந்து போக வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டுவிட்டு 'தெரிவிக்கப்பட்டது' என்று கோப்பில் எழுதும் வழக்கமும் நிற்க வேண்டும்.

உறுப்பினர்கள் எழுத்தில் கேட்கும் கேள்விக்கு 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் கிடைக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுமக்களுக்கே 30 நாள்தான் கெடு. மன்ற உறுப்பினருக்கு அதைவிட நீண்ட காத்திருப்பு இருப்பது பொருத்தமாக இல்லை. பதில்களின் தொகுப்பு அடுத்த கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும்.

பகுதி சபைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் இதற்கான விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தில் மாநிலம் முழுவதும் முதல் பகுதி சபைகள் கூடின. எங்கள் பகுதியிலும் பந்தல் போட்டு, மைக் வைத்து, நன்றாகவே நடந்தது. கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடி வரவு செலவு வாசிக்கப்படுகிறது. நகரத்துப் பகுதி சபையில் வாசிக்க உறுப்பினர் கையில் கணக்கே இல்லை. மனுக்களை வாங்கி அடுக்குவதோடு சபை முடிகிறது. முந்தைய சபையில் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று கேட்டால் மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வார்டுக்கு ஒதுக்கிய நிதி, செலவான தொகை, நிலுவைப் பணிகள் அடங்கிய காலாண்டு அறிக்கையை மண்டல உதவி ஆணையர் கையொப்பமிட்டு, பகுதி சபைக்குப் பத்து நாட்களுக்கு முன் உறுப்பினரிடம் ஒப்படைக்க வேண்டும்.

1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. மேலே கேட்டிருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டமோ, கூடுதல் நிதியோ, அரசாணையோ தேவைப்படாது; தங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும். பிற துறைகளின் பணிகளுக்கு மட்டும் மாவட்ட ஆட்சியர் அளவில் ஒருங்கிணைப்பு வேண்டியிருக்கும். அதைத் தாங்கள் முன்னெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கொடுத்தாலும் எல்லோரும் படிக்கப்போகிறார்களா என்று சில அலுவலர்கள் சிரிப்பதுண்டு. கொடுங்கள் ஐயா. படிக்காதவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதற்கு ஐந்தாண்டுக்கு ஒரு நாள் எங்களுக்கு இருக்கிறது.

இம்மனுவை அடுத்த மாமன்றக் கூட்டத்தின் பார்வைக்கு வைக்குமாறும், சாலை வெட்டு அனுமதி நகல் குறித்த கோரிக்கையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நடைமுறைப்படுத்துமாறும், மற்றவை பற்றி விளக்கிப் பேச மண்டல அலுவலர்களுடன் எங்கள் பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்புச் சங்கங்களின் பிரதிநிதிகள்.

இணைப்பு:
சாலை வெட்டு அனுமதி ஆணை நகல் (தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறப்பட்டது).
வார்டு உறுப்பினருக்கான ஒரு பக்கக் குறிப்பின் மாதிரிப் படிவம்.