கற்றுக் கொடுப்பவர் யார்?

பரீட்சை முடிந்து கல்லூரிகள் விடுமுறை விட்டதும், முதல்வரின் கையெழுத்திட்ட கடிதத்துடன் மாணவர்களும் மாணவிகளும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறார்கள். அம்பத்தூர், ஹோசூர், கோவை என்று தொழிற்பேட்டைகள் உள்ள ஊர்களில் எல்லாம் இதுவே காட்சி. "இன்டர்ன்ஷிப்" என்கிறார்கள், "இன்-பிளாண்ட் டிரெயினிங்" என்கிறார்கள். பெயர் எதுவானாலும், பயிற்சி முடித்த சர்ட்டிபிகேட் இல்லாவிட்டால் பலருக்குப் பட்டம் கைக்கு வராது.

இது மேலிடத்திலிருந்து வந்த ஏற்பாடு. பல்கலைக் கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்ட விதிகளில், கோடைக்காலப் பயிற்சிக்கு 2 முதல் 4 கிரெடிட் வரை ஒதுக்கியிருக்கிறது. பொறியியல் மாணவர்கள் படிப்புக் காலத்தில் சுமார் 600 முதல் 700 மணி நேரம் வரை இத்தகைய பயிற்சிகளில் செலவிட வேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் வழிகாட்டுதல்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நமது ஜனங்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. மாணவன் பட்டறைக்கு வருவதையும், தொழிலாளியின் பக்கத்தில் நின்று வேலை பழகுவதையும் நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் பட்டறைக்குள் அவனுக்குக் கற்றுக் கொடுப்பவர் யார்? இந்தக் கேள்விக்குக் கல்லூரியிடமும் பதில் இல்லை. கம்பெனியிடமும் பதில் இல்லை.

நடப்பது என்ன? சில இடங்களில் மாணவனை ஒரு மூலையில் உட்கார வைத்து விடுகிறார்கள். காலையில் வருவான், செல்போனைப் பார்ப்பான், மாலையில் போவான். மாதக் கடைசியில் சர்ட்டிபிகேட்டில் முத்திரை விழும். வேறு சில இடங்களில் இதற்கு நேர்மாறு. வந்த இரண்டாம் நாளே பாக்கிங் செக்ஷனுக்கோ, கணக்கு எழுதவோ, கம்ப்யூட்டரில் விவரங்களை ஏற்றவோ அனுப்பி, சம்பளமில்லாத ஆளாக்கிக் கொள்கிறார்கள். ஒருவன் போனால் அடுத்த கல்லூரியிலிருந்து இன்னொருவன். நிரந்தரமாக இருக்கும் வேலைக்கு நிரந்தரமாக ஆள் எடுக்க வேண்டிய தேவையே ஏற்படாது! இந்த இரண்டும் போதாதென்று, மாணவர்களிடமே பணம் வாங்கிக் கொண்டு "டிரெயினிங்" சர்ட்டிபிகேட் கொடுக்கும் வியாபாரமும் கொழிக்கிறது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிர்வாகம் ஒரு மாணவனை அழைத்து வந்து அனுபவமுள்ள டர்னரிடமோ பிட்டரிடமோ விட்டு, "தம்பிக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. அந்தத் தொழிலாளி ஷிப்டு முடிவதற்குள் கொடுக்க வேண்டிய உற்பத்தியோ ஒரு ஜாப் கூடக் குறைவதில்லை. மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தால் அரைமணி போகும். மாணவன் ஒரு ஜாப்பைக் கெடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் தொழிலாளி. கற்றுக் கொடுத்தால் தண்டனை, கண்டுகொள்ளாமல் இருந்தால் நிம்மதி என்று ஏற்பாடு செய்துவிட்டு, "தொழிலாளிகள் வேலை கற்றுத் தருவதில்லை" என்று நிர்வாகம் குறை சொல்வது எந்த நியாயத்தில் சேர்த்தி?

கற்றுக் கொடுப்பதும் ஒரு வேலை. அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி உண்டு. அந்தக் கூலியைக் கொடுக்க மனமில்லாத கம்பெனிக்கு மாணவனை ஏற்கும் தகுதி கிடையாது. இதுவே நமது நிலை.

இது புதிய கோரிக்கை அல்ல. 1961ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பயிற்சிக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். முதலாளிக்கே அந்தத் தொழிலில் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரைப் பயிற்சிக்குப் பொறுப்பாக நியமிக்க வேண்டும். அப்ரண்டிஸுக்குப் பீஸ் ரேட் கூலி முறை கூடாது. அதிகாரியின் அனுமதியின்றி ஓவர்டைம் வாங்கக் கூடாது. உதவித் தொகை கொடுக்க வேண்டும். இத்தனையும் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. ஆனால் அச்சட்டப்படி ஒப்பந்தம் எழுதாமல், கல்லூரிக் கடிதத்தை மட்டும் கொண்டு வரும் மாணவனுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது.

அந்தச் சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. 1947ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம் தொழிலாளி யார் என்று விளக்கியபோது அப்ரண்டிஸையும் சேர்த்தே சொன்னது. 1961ம் வருஷச் சட்டமோ அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்ல என்று கதவைச் சாத்தியது. 2025 நவம்பர் 21ந் தேதி அமுலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, தொழிலாளி என்பதன் விளக்கத்திலிருந்தே அவரை நீக்கித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டது. ஒப்பந்தம் எழுதிய அப்ரண்டிஸுக்கே இந்தக் கதி என்றால், கடிதத்துடன் வரும் மாணவனின் கதி என்ன?

மத்திய சர்க்கார் 2024 அக்டோபரில் பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தடபுடலாக ஆரம்பித்தது. 500 பெரிய கம்பெனிகளில் ஐந்து வருஷத்தில் ஒரு கோடிப் பேருக்குப் பயிற்சி; மாதம் 5,000 ரூபாய் உதவித் தொகை என்றார்கள். அந்த 5,000 ரூபாயில் 4,500 ரூபாய் சர்க்கார் பணம்; கோடி கோடியாக லாபம் சம்பாதிக்கும் கம்பெனி அன்று கொடுக்க வேண்டியிருந்தது வெறும் 500 ரூபாய்! அந்தத் தொகையும் முழுநேரம் படித்துக் கொண்டிருப்பவர்களுக்குக் கிடையாது என்று அன்று விதி செய்தார்கள். பயிற்சி இல்லாமல் பட்டம் இல்லை என்று ஒரு கையால் எழுதியவர்கள், படிக்கும் மாணவனுக்குப் பணம் இல்லை என்று மறு கையால் எழுதினார்கள்.

"மாணவனால் எங்களுக்கு நஷ்டம்தான், எதற்காகப் பணமும் கொடுக்க வேண்டும்?" என்று முதலாளிமார்கள் கேட்கிறார்கள். பயிற்சி பெற்ற ஆள் கிடைக்கவில்லை என்று மாநாடு கூட்டிப் புலம்புகிறவர்களும் இவர்களே. ஐந்து பேரை வைத்துப் பட்டறை நடத்தும் சிறு உடைமையாளரின் கஷ்டம் நமக்குத் தெரியும். அவர்கள் விஷயத்தில் சர்க்கார் பங்கு ஏற்கட்டும். தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிகளின் குறைந்தபட்ச உதவித் தொகையில் பாதியை மத்திய சர்க்கார் ஏற்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருக்கிறதே!

பிரான்ஸ் தேசத்தில் 2005ம் வருஷம் பயிற்சி மாணவர்கள் வெள்ளை முகமூடி அணிந்து பாரிஸ் வீதிகளில் இறங்கினார்கள். பெயரும் முகமும் இல்லாத கூலிகளாக நடத்தப்படுகிறோம் என்று உலகுக்குக் காட்டினார்கள். பின்னர் 2014 ஜூலையில் வந்த சட்டமும் அதையொட்டிய விதிகளும், இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்கு உதவித் தொகை கொடுக்க வேண்டும் என்றன. நிரந்தர வேலைக்குப் பயிற்சி மாணவரை வைக்கக் கூடாது என்றன. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டி வேண்டும். ஒரு வழிகாட்டியின் பொறுப்பில் ஒரே சமயத்தில் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் வரையறுத்தன. முதலாளித்துவ நாட்டிலேயே இது சாத்தியமென்றால் இங்கே ஏன் முடியாது?

முறையான பயிற்சிக்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. முதல் நாள் எந்த மெஷினில் கை வைக்கக் கூடாது, விபத்து நேர்ந்தால் எங்கே ஓட வேண்டும் என்று காட்ட வேண்டும். பாலியல் தொல்லைத் தடுப்புக்கான 2013ம் வருஷச் சட்டம் பயிற்சி பெறுபவருக்கும் பொருந்தும் என்பதையும், புகார்க் குழுவில் இருப்பவர்கள் யார் என்பதையும் மாணவிக்கு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். முதல் வாரம் எல்லா செக்ஷன்களையும் பார்க்கட்டும். பிறகு ஒருவர் பக்கத்தில் நின்று பழகட்டும். அதன் பிறகு, கெட்டாலும் பெரிய நஷ்டமில்லாத ஒரு சிறு வேலையை ஆரம்பம் முதல் முடிவு வரை அவனே செய்யட்டும். வாரம் ஒரு முறை அரைமணி உட்கார்ந்து, செய்தது என்ன, புரியாதது என்ன என்று பேச வேண்டும். கல்லூரி ஆசிரியர் ஒரு தடவையாவது நேரில் வந்து பார்க்க வேண்டும்.

தொழிலாளித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. "இவனுக்குக் கற்றுக் கொடுத்தால் நாளை நம் இடத்துக்கே வந்துவிடுவான்" என்ற அச்சம் சில இடங்களில் இருக்கிறது. அச்சத்துக்குக் காரணம் உண்டு. நிர்வாகம் அப்படிச் செய்யக் கூடியதுதான். ஆனால் தொழிலை ஒளித்து வைப்பது அதற்குப் பரிகாரம் ஆகாது. அந்த மாணவர்களில் பலர் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். விவசாயி வீட்டுப் பிள்ளைகள். கைத்தொழிலோடு சேர்த்து, கேண்டீனில் உட்கார்ந்து, சம்பளச் சீட்டைப் படிக்கவும் சொல்லிக் கொடுங்கள். யூனியன் என்றால் என்னவென்று எந்தப் பாடப் புத்தகத்தையும்விட நன்றாக அவன் அங்கே அறிந்து கொள்வான்.

சமூகப் பணி படிக்கும் மாணவர்கள் தொழிற்சங்கங்களுக்கும், சட்ட உதவி மையங்களுக்கும், பத்திரிகைகளுக்கும் களப்பணிக்கு வருகிறார்கள். முதலாளிக்குச் சொல்லும் நியாயம் இந்த ஸ்தாபனங்களுக்கும் பொருந்தும். டீ வாங்கி வரவும் நோட்டீஸ் மடிக்கவும் மட்டும் அவர்களை வைத்துக் கொள்வது அழகல்ல. பொறுப்பான ஒருவர் நேரம் ஒதுக்க வேண்டும். பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் கொடுக்க வேண்டும்.

ஆகவே நாம் கோருவது இது. மாணவர், கல்லூரி, கம்பெனி மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். கற்றுக் கொடுப்பவரின் பெயர் அதில் இருக்க வேண்டும். அவருடைய உற்பத்தி அளவு அதற்கேற்பக் குறைக்கப்பட வேண்டும். உதவித் தொகையும் விபத்து நஷ்ட ஈடும் கட்டாயமாக்கப்பட வேண்டும். நிரந்தர வேலைக்கு மாணவரை வைப்பது தடை செய்யப்பட வேண்டும்.

மாணவர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் தனித்தனியே மகஜர் கொடுத்துப் பயனில்லை. வரும் விடுமுறைக்குள் ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் இரு தரப்பும் கூடிப் பேசி, இந்தக் கோரிக்கைகளுடன் ஒன்றாக நிர்வாகங்களைச் சந்திக்க வேண்டும். கற்க வந்தவனும் கற்றுக் கொடுப்பவனும் ஒன்றாக நின்று கேட்டால், நிர்வாகம் பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.