காயம் பட்ட ஊரா, சொந்த ஊரா?

கபடி ஆட்டக்காரர் ஒருவர் நம் வெம்பக்கோட்டைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவரை அமர்த்திய கம்பெனியின் தலைமைக் காரியாலயம் வேறொரு மாகாணத்தில். 2025-ஆம் வருஷத்துப் புரோ கபடிப் பந்தயங்கள் நடந்ததோ விசாகப்பட்டினம், ஜெய்ப்பூர், சென்னை, டில்லி ஆகிய நகரங்களில். ஜெய்ப்பூரில் முழங்கால் சவ்வு கிழிந்து அவர் ஊர் திரும்பினால், நஷ்டஈட்டுக்கு எந்த ஊர் வாசலில் போய் நிற்பது?

அமெரிக்காவில் இது பெரிய வியாஜ்யமாயிற்று. அங்கே நஷ்டஈட்டுச் சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. பல வருஷங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த உடற்கேட்டுக்கும் கலிபோர்னியா ஈடு கொடுத்து வந்தது. ஆகவே, அங்கே சில ஆட்டங்களே ஆடிய வெளி மாகாண வீரர்களும் அங்கேயே மனுப் போட்டார்கள். 2013-இல் புதுச் சட்டம் ஒன்று அந்தக் கதவைப் பெரும்பாலும் சாத்திவிட்டது. அதே வருஷம், 34 ஆட்டங்களில் ஒன்றை மட்டும் அங்கே ஆடிய கூடைப்பந்து வீராங்கனை ஒருவரின் வழக்கையும் அப்பீல் கோர்ட்டு ஏற்கவில்லை. கோடி கோடியாய்ச் சம்பாதிக்கும் சிலரை நினைத்து இது சரியென்று சொல்லிவிடலாம். ஓரிரு வருஷம் ஆடிவிட்டுத் தலையில் வாங்கிய அடிகளோடு வீடு திரும்பியவர் கதி என்ன?

நம் தேசத்தில், 1923-ஆம் வருஷத்துச் சட்டப்படி, விபத்து நடந்த வட்டாரத்துக் கமிஷனரிடமே மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. வடக்கேயிருந்து வந்து இவ்வூர்ப் பட்டாசுச் சாலையில் கையை இழந்தவர், ஊர் போன பிறகு மறுபடியும் இங்கே ரயிலேறி வர வேண்டும். 1995-ஆம் வருஷத்துத் திருத்தம் இந்த அநியாயத்தைப் போக்கிற்று. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், முதலாளியின் பதிவுக் காரியாலயம் இருக்கும் இடம், எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதைக் கைவிடவில்லை. கலிபோர்னியாக்காரர்கள் நம்மிடம் பாடம் கேட்கலாம்!

ஆனால் நம் கபடிக்காரர் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். யார் யார் கேட்கலாம் என்று அச்சட்டத்தோடு ஓர் அட்டவணை இருக்கிறது. வெடிமருந்துத் தொழிலாளி அதில் உண்டு, பனையேறி உண்டு, யானை பழக்குபவரும், சினிமாப் படம் எடுப்பதில் வேலை செய்பவரும் உண்டு. விளையாட்டு வீரர் இல்லை! யானையின் பக்கத்தில் நிற்பது அபாயம் என்று கண்ட சட்டத்துக்கு, ஏழு பேர் ஒருவர் மேல் விழுந்து அமுக்குவது அபாயமாகத் தோன்றவில்லை போலும்.

அட்டவணையில் புதுத் தொழில்களைச் சேர்க்கச் சர்க்காருக்கு அதிகாரம் இருக்கிறது. அதற்குச் சட்டசபையில் மசோதாக்கூட வேண்டாம். ஓர் அறிவிப்பே போதும். நம் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கபடிப் பந்தயத்துக்குப் பரிசு வழங்கப் போகும்போது இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.